மருத்துவமனைகளின் எரிசக்திச் செலவு: எதை எதனுடன் ஒப்பிடுவது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள அரசு மருத்துவமனை ஒன்றுக்குள் நுழைபவர்கள், வரவேற்பு மேசைக்கு அருகே வண்ணப் பட்டைகளுடன் கூடிய ஒரு சான்றிதழைக் காணலாம். ஆங்கில எழுத்துக்களில் ஏ முதல் ஜி வரையிலான ஏழு தரங்கள் அதில் அடுக்கப்பட்டிருக்கும். அந்தக் கட்டடம் கடந்த ஓராண்டில் பயன்படுத்திய மின்சாரத்தையும் எரிபொருளையும் கணக்கிட்டு, அதற்கு எந்தத் தரம் கிடைத்துள்ளது என்பதை அது தெரிவிக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டில் நிறைவேற்றிய கட்டடங்களின் எரிசக்தித் திறன் தொடர்பான உத்தரவின் விளைவாக இந்த நடைமுறை வந்தது. 2008ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல், பொதுமக்கள் வந்து செல்லும், 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அரசுக் கட்டடங்களுக்கு இந்தச் சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் இந்த வரம்பு 2013இல் 500 சதுர மீட்டராகவும், 2015இல் 250 சதுர மீட்டராகவும் குறைக்கப்பட்டது. சான்றிதழைக் காட்சிக்கு வைக்கத் தவறினால் 500 பவுண்டுகள் அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

பார்ப்பதற்கு இது எளிமையான ஏற்பாடாகத் தோன்றும். நல்ல தரம் பெற்ற மருத்துவமனை சிக்கனமானது, மோசமான தரம் பெற்றது வீண் செலவு செய்கிறது என்று பார்ப்பவர்கள் எண்ணக்கூடும். ஆனால் அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் பல தெரிவுகள் இருக்கின்றன. எதை அளப்பது, எதனால் வகுப்பது, யாருடன் ஒப்பிடுவது என்ற கேள்விகளுக்குத் தரப்படும் விடை மாறினால், ஒரு செங்கல்லைக்கூட மாற்றாமலேயே ஒரு மருத்துவமனையின் தரம் மாறிவிடும்.

நோயாளிகளுக்கான பணம்

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை பெரும்பாலும் வரிப்பணத்தில் இயங்குவது. மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் செலவிடப்படும் தொகை, மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் மருந்துகளுக்கும் செலவிடக்கூடிய அதே நிதியிலிருந்தே செல்கிறது.

இதன் தாக்கம் 2022ஆம் ஆண்டில் கண்கூடாகத் தெரிந்தது. யுக்ரெய்ன் மீது ரஷ்யா படையெடுத்ததை அடுத்து எரிவாயு விலை பெருமளவில் உயர்ந்தபோது, பிரிட்டிஷ் அரசாங்கம் வர்த்தக நிறுவனங்களுடன் மருத்துவமனைகளையும் பள்ளிக்கூடங்களையும் சேர்த்து, அவ்வாண்டு அக்டோபர் முதல் ஆறு மாத காலத்துக்குக் கட்டண நிவாரணம் வழங்க வேண்டியிருந்தது.

பருவநிலை மாற்றம் இதன் மற்றொரு பரிமாணம். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2020ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில், நாட்டின் மொத்த கரியமில வாயு வெளியேற்றத்தில் 4 முதல் 5 சதவீதம் சுகாதார, பராமரிப்புத் துறையினால் ஏற்படுவதாகக் கூறப்பட்டது. தனது நேரடிக் கட்டுப்பாட்டில் உள்ள வெளியேற்றத்தை 2040ஆம் ஆண்டுக்குள் நிகர அளவில் பூஜ்ஜியமாக்குவது என்ற இலக்கையும் அது அறிவித்தது.

அதே ஆண்டில், அரசுக் கட்டடங்களின் வெளியேற்றத்தைக் குறைப்பதற்காக 100 கோடி பவுண்டு மானியத் திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது. ஒரு டன் கரியமில வாயுவைக் குறைக்க எவ்வளவு பணம் தேவை என்பது, அந்த மானியத்தைப் பெறுவதற்கான முக்கிய அளவுகோல்களில் ஒன்றாக இருந்தது. ஆகவே அளவீடு என்பது பொறியாளர்களின் தனிப்பட்ட விவகாரமாக இல்லை. எந்த மருத்துவமனையின் பழைய கொதிகலன் மாற்றப்படும், எது காத்திருக்க வேண்டும் என்ற முடிவும் அதைச் சார்ந்திருக்கிறது.

அணைக்க முடியாத விளக்குகள்

எரிசக்தியைப் பொறுத்தவரை மருத்துவமனை மற்றக் கட்டடங்களைப் போன்றதல்ல. அலுவலகம் மாலையில் மூடப்படுகிறது. பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை உண்டு. பெரிய மருத்துவமனை ஆண்டின் 8,760 மணி நேரமும் திறந்திருக்கிறது.

அத்துடன், அங்கு எரிசக்தியின் கணிசமான பகுதி பாதுகாப்புக்காகச் செலவிடப்படுகிறது. அறுவை சிகிச்சைக் கூடத்தில் உள்ள காற்று, கிருமிகளும் மயக்க வாயுக்களும் தேங்காமல் இருக்க, மணிக்கு 20 தடவைக்கும் மேலாக முழுமையாக மாற்றப்படுகிறது. குளிர்காலத்தில் அந்தக் காற்று அனைத்தையும் வெளியிலிருந்து எடுத்துச் சூடாக்க வேண்டும்.

வெந்நீருக்கும் இது பொருந்தும். லீஜியோனெல்லா எனப்படும் நுரையீரல் தொற்றை உண்டாக்கும் பாக்டீரியா, வெதுவெதுப்பான நீரில் பெருகுகிறது. அதைத் தடுக்க, வெந்நீர்த் தொட்டிகளில் நீரை 60 டிகிரி செல்சியஸிலும், குழாய்களில் 50 டிகிரிக்குக் குறையாமலும் வைத்திருக்க வேண்டும் என்பது பிரிட்டனில் உள்ள விதி. மருத்துவமனைகளில் இது 55 டிகிரி. யாரும் குழாயைத் திறக்காத நள்ளிரவிலும் வெந்நீர் கட்டடம் முழுவதும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆகவே, குறைந்த எரிசக்திப் பயன்பாடு எப்போதும் நல்ல செய்தியாகிவிடாது. காற்றோட்ட இயந்திரம் பழுதடைந்து நின்றுபோனாலும் மீட்டர் மெதுவாகத்தான் ஓடும். எந்த எண்ணையும் வாசிப்பதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது.

முதற்படி: மீட்டர்

இங்கிலாந்தில் உள்ள அரசு மருத்துவமனை அறக்கட்டளைகள், தமது கட்டடங்களின் பரப்பளவு, மின்சாரம், எரிவாயு, எண்ணெய், தண்ணீர் ஆகியவற்றின் பயன்பாடு, அவற்றுக்கான செலவு ஆகிய விபரங்களை ஆண்டுதோறும் மத்திய அமைப்பிடம் சமர்ப்பிக்க வேண்டும். எரிக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தத் தரவுத் தொகுப்பு பொதுமக்களின் பார்வைக்கும் வெளியிடப்படுகிறது. ஒரு நாட்டின் மருத்துவமனைகள் அனைத்தையும் பல ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பளிக்கும் தொகுப்பு என்பதால், ஆய்வாளர்கள் இதைப் பெரிதும் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் தரவு எவ்வளவு சரியானது என்பது மருத்துவமனையின் பின்புறத்தில் உள்ள மீட்டர் அறையில்தான் தீர்மானமாகிறது. பல மருத்துவமனைகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிவாக்கப்பட்டவை. பழைய கட்டடம், அறுபதுகளில் கட்டிய அடுக்குமாடி, அண்மையில் சேர்த்த புற்றுநோய்ப் பிரிவு, ஊழியர் குடியிருப்பு, பல்கலைக்கழக ஆய்வகம் எனப் பலவும் ஒரே வளாகத்தில் இருக்கும். இவை அனைத்துக்கும் ஒரே எரிவாயு மீட்டர் இருந்தால், எந்தக் கட்டடத்தில் வெப்பம் வீணாகிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது. வளாகத்துக்குச் சராசரி ஒன்று கிடைக்கும். அந்தச் சராசரிக்குள், நல்ல கட்டடத்தின் பின்னால் மோசமான கட்டடம் மறைந்துவிடும்.

வேறு பிழைகளும் உண்டு. மீட்டரைப் பார்க்காமல் உத்தேசமாகப் போடப்பட்ட கட்டணச் சீட்டு ஒரு வகை. புதிய பிரிவு திறக்கப்பட்ட பிறகும் பதிவேட்டில் பழைய பரப்பளவே நீடிப்பது இன்னொரு வகை. பரப்பளவு 10 சதவீதம் குறைவாகப் பதிவாகியிருந்தால், ஒரு சதுர மீட்டருக்கான பயன்பாடு உண்மையைவிட 11 சதவீதம் அதிகமாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, இல்லாத ஒரு கசிவைத் தேடி ஆட்கள் அனுப்பப்படுவார்கள்.

சலவைப் பணி வெளியாருக்கு ஒப்படைக்கப்படும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. படுக்கை விரிப்புகளைத் துவைக்கவும் உலர்த்தவும் செலவாகும் வெப்பம் மருத்துவமனையின் கணக்கிலிருந்து மறைந்து, ஒப்பந்த நிறுவனத்தின் கணக்கில் சேர்கிறது. மருத்துவமனையின் எண் குறைகிறது. ஆனால் விரிப்புகள் முன்பு போலவே துவைக்கப்படுகின்றன.

எதனால் வகுப்பது?

பெரிய மருத்துவமனையையும் சிறிய மருத்துவமனையையும் ஒப்பிட வேண்டுமானால், மொத்தப் பயன்பாட்டை ஏதாவது ஓர் அலகினால் வகுக்க வேண்டும். வழக்கமாகப் பயன்படுவது தரைப் பரப்பளவு.

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை நீண்டகாலம் வேறோர் அலகைப் பயன்படுத்தி வந்தது. அது கட்டடத்தின் கன அளவு. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நிர்ணயிக்கப்பட்ட இலக்குகளின்படி, புதிய மருத்துவமனைகள் 100 கன மீட்டருக்கு 35 முதல் 55 கிகாஜூல்களுக்குள்ளும், பழைய கட்டடங்கள் 55 முதல் 65 கிகாஜூல்களுக்குள்ளும் இருக்க வேண்டும்.

இந்த இரண்டு அலகுகளுக்கும் இடையிலான வேறுபாட்டை ஒரு கணக்கின் மூலம் பார்க்கலாம். இரண்டு மருத்துவமனைகளும் 100 கன மீட்டருக்குச் சரியாக 55 கிகாஜூல்களைப் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் தளத்தின் உயரம் 3 மீட்டர். மற்றது உயர்ந்த கூரைகளைக் கொண்ட பழைய கட்டடம், அதன் உயரம் 4 மீட்டர். கன அளவின்படி இரண்டும் சமம். பரப்பளவுக்கு மாற்றினால், முதலாவது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 458 கிலோவாட் மணி என்றும், இரண்டாவது 611 கிலோவாட் மணி என்றும் வரும். கூரையின் உயரத்தைத் தவிர வேறெதுவும் மாறாமலேயே, இரண்டாவது மருத்துவமனை மூன்றில் ஒரு பங்கு மோசமானதாகத் தோன்றுகிறது.

கட்டடத்தை விட்டுவிட்டு நோயாளிகளின் படுக்கைகளால் வகுக்கலாமே என்று கேட்கலாம். அதிலும் தடை இருக்கிறது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் பொது, தீவிர சிகிச்சைப் பிரிவுகள் உள்ளிட்ட மொத்தப் படுக்கைகள் 1987-88இல் சுமார் 2,99,000 ஆக இருந்தன. 2019-20இல் அவை சுமார் 1,41,000 ஆகக் குறைந்துவிட்டன. நோயாளிகள் குறைந்ததால் இது நிகழவில்லை. அறுவை சிகிச்சை முடிந்த அன்றே வீடு திரும்புவதும், மனநலம் குன்றியவர்கள் வெளியில் பராமரிக்கப்படுவதும் அதிகரித்ததே முக்கியக் காரணம். படுக்கையால் வகுத்தால், அதிக நோயாளிகளை விரைவாகக் குணப்படுத்தி அனுப்பும் மருத்துவமனைதான் ஊதாரியாகத் தெரியும்.

ஒரே கட்டடம், மூன்று விடைகள்

அலகைத் தெரிவு செய்த பிறகு, அளவுகோல் ஒன்று தேவைப்படுகிறது. பிரிட்டிஷ் கட்டடச் சேவைப் பொறியாளர்களின் பட்டய அமைப்பு 2008இல் வெளியிட்ட அட்டவணையின்படி, மருத்துவமனை ஒன்றின் வழமையான பயன்பாடு ஆண்டுக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 90 கிலோவாட் மணி மின்சாரமும், வெப்பத்துக்காக 420 கிலோவாட் மணி எரிபொருளும் ஆகும். மொத்தம் 510. சான்றிதழில் இந்த வழமையான கட்டடத்துக்கு 100 என்ற எண் தரப்படுகிறது. 76 முதல் 100 வரை டி தரம். 101 முதல் 125 வரை இ தரம். 150ஐத் தாண்டினால் ஜி.

உதாரணமாக, 50,000 சதுர மீட்டர் பரப்பளவுள்ள ஒரு கற்பனை மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். அது ஓராண்டில் 60 லட்சம் கிலோவாட் மணி மின்சாரத்தையும், 1 கோடியே 80 லட்சம் கிலோவாட் மணி எரிவாயுவையும் பயன்படுத்துகிறது. அதாவது சதுர மீட்டருக்கு 120 மின்சாரம், 360 எரிவாயு, மொத்தம் 480. அளவுகோலான 510உடன் ஒப்பிட்டால் இதன் எண் 94. டி தரம்.

ஆனால் சான்றிதழ் கிலோவாட் மணிகளைக் கூட்டுவதில்லை. அவற்றைக் கரியமில வாயுவாக மாற்றிய பிறகே ஒப்பிடுகிறது. சான்றிதழ் அறிமுகமானபோது, ஒரு கிலோவாட் மணி மின்சாரத்துக்கு 0.55 கிலோ கரியமில வாயு என்றும், எரிவாயுவுக்குச் சுமார் 0.19 கிலோ என்றும் கொள்ளப்பட்டது. மின்சாரத்தின் எடை ஏறத்தாழ மூன்று மடங்கு. நமது மருத்துவமனை வழமையைவிடக் கூடுதலாக மின்சாரத்தைப் பயன்படுத்துவதால், அதன் எண் 104 ஆகிறது. இ தரத்துக்கு இறங்கிவிடுகிறது.

2023ஆம் ஆண்டுக்கான பிரிட்டிஷ் அரசின் கணக்கில் மின்சாரத்துக்கான எண் சுமார் 0.2. எரிவாயுவுக்கு ஏறத்தாழ 0.18. காற்றாலைகள் பெருகியதும் நிலக்கரி மின் நிலையங்கள் மூடப்பட்டதும் இதற்குக் காரணங்கள். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டம்பர் 30ஆம் தேதி மூடப்பட்டது. இந்தப் புதிய எண்களை அதே மருத்துவமனைக்குப் பயன்படுத்தினால் விடை 95. மீண்டும் டி தரம்.

கட்டடமும் நோயாளிகளும் மீட்டர் அளவுகளும் அப்படியே இருக்கின்றன. விடை மட்டும் மூன்று விதமாக வருகிறது. மூன்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான விடை என்பதுதான் விடயம்.

இதனால் நடைமுறையில் பெரும் பணம் கைமாறுகிறது. பல பிரிட்டிஷ் மருத்துவமனைகள், எரிவாயுவை எரித்துத் தாமே மின்சாரம் தயாரித்து, அப்போது வெளிப்படும் வெப்பத்தைக் கட்டடத்தைச் சூடாக்கப் பயன்படுத்தும் கூட்டு உற்பத்தி இயந்திரங்களை நிறுவியுள்ளன. அத்தகைய இயந்திரம் 100 கிலோவாட் மணி எரிவாயுவிலிருந்து 35 மின்சாரத்தையும் 45 வெப்பத்தையும் தருவதாகக் கொள்வோம். அது வெளியேற்றும் கரியமில வாயு 18 கிலோ. இயந்திரம் இல்லாவிட்டால், 35 கிலோவாட் மணி மின்சாரத்தை விலைக்கு வாங்கி, வெப்பத்துக்காகக் கொதிகலனில் 50 கிலோவாட் மணி எரிவாயுவை எரிக்க வேண்டும். மின்சாரத்துக்கு அரை கிலோ என்ற கணக்கு இருந்த 2010களின் தொடக்கத்தில், இந்த இரண்டாவது வழி 26.5 கிலோவை வெளியேற்றியிருக்கும். இயந்திரம் வைத்தது சரியான முடிவு. மின்சாரத்தின் எண் 0.2 ஆகக் குறைந்த பிறகு இரண்டாவது வழியின் வெளியேற்றம் 16 கிலோதான். அதே இயந்திரம் இப்போது சுமையாகிவிடுகிறது.

வானிலையின் பங்கு

இந்த ஆண்டையும் சென்ற ஆண்டையும் ஒப்பிடும்போது குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். இதற்காகப் பொறியாளர்கள் டிகிரி நாட்கள் என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். பிரிட்டனில் இதற்கான அடிப்படை வெப்பநிலை 15.5 டிகிரி செல்சியஸ். ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 5.5 டிகிரியாக இருந்தால், அந்த நாள் 10 டிகிரி நாட்களாகக் கணக்கிடப்படும். ஓராண்டின் மொத்தத்தைக் கூட்டினால், அந்த ஆண்டு எவ்வளவு குளிராக இருந்தது என்பது ஒரே எண்ணில் கிடைத்துவிடும். மேலே சொன்ன 2008 அட்டவணை, ஆண்டுக்கு 2,021 டிகிரி நாட்களைக் கொண்ட வானிலையை ஆதாரமாகக் கொண்டது.

ஒரு மருத்துவமனை, 1,900 டிகிரி நாட்கள் கொண்ட மிதமான ஆண்டில் சதுர மீட்டருக்கு 400 அலகு எரிவாயுவையும், 2,200 டிகிரி நாட்கள் கொண்ட அடுத்த ஆண்டில் 410 அலகையும் பயன்படுத்தியதாகக் கொள்வோம். கட்டணச் சீட்டைப் பார்த்தால் பயன்பாடு கூடியிருக்கிறது. குளிரைக் கணக்கில் எடுத்து, ஒரு டிகிரி நாளுக்கு எவ்வளவு என்று பார்த்தால் சுமார் 11 சதவீதம் குறைந்திருக்கிறது. வெந்நீருக்கும் சமையலுக்கும் செலவாகும் எரிவாயு குளிரைச் சார்ந்தது அல்ல என்பதால், அந்தப் பகுதியைத் தனியே பிரித்த பிறகே இந்தத் திருத்தத்தைச் செய்ய வேண்டும். கிளை மீட்டர்கள் இல்லாத இடத்தில் அதற்கும் வழியில்லை.

அமெரிக்காவின் அணுகுமுறை

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவாக்கிய எனர்ஜி ஸ்டார் திட்டம், மருத்துவமனைகளை வேறு விதமாக ஒப்பிட்டது. எல்லாருக்கும் ஒரே அளவுகோலை வைப்பதற்குப் பதிலாக, அமெரிக்க மருத்துவமனைகளிடம் திரட்டிய தரவுகளைக் கொண்டு ஒரு புள்ளியியல் சமன்பாடு உருவாக்கப்பட்டது. 2011இல் திருத்தப்பட்ட அந்தச் சமன்பாட்டில், பரப்பளவுக்கு ஏற்ப எத்தனை ஊழியர்கள், எத்தனை படுக்கைகள், எத்தனை எம்.ஆர்.ஐ இயந்திரங்கள் இருக்கின்றன, அந்த ஊரில் குளிரூட்டல் எவ்வளவு தேவைப்படுகிறது என்பவை இடம்பெற்றன.

அதன்படி, இத்தனை ஊழியர்களும் படுக்கைகளும் இயந்திரங்களும் உள்ள ஒரு மருத்துவமனை, இந்த வானிலையில் எவ்வளவு எரிசக்தியைப் பயன்படுத்தும் என்று எதிர்பார்க்கலாம் என்பது முதலில் கணிக்கப்படும். உண்மையான பயன்பாடு அதைவிடக் கூடவா, குறைவா என்பதைப் பொறுத்து 1 முதல் 100 வரை மதிப்பெண் தரப்படும். 50 பெற்றால் நடுத்தரம். 75க்கு மேல் பெற்றவை நாட்டின் முதல் நான்கில் ஒரு பங்குக்குள் அடங்கும்.

இந்த முறையில், சிக்கலான சிகிச்சைகளை அளிக்கும் மருத்துவமனை அதற்காகவே தண்டிக்கப்படுவதில்லை. ஆனால் குறையும் உண்டு. ஒப்பீடு சக மருத்துவமனைகளுடன் மட்டும் என்பதால், எல்லா மருத்துவமனைகளும் ஒருசேர வீணடித்தால், அந்த வீண் செலவே வழமை என்றாகிவிடும்.

வெப்ப நாடுகளுக்கு எந்த அளவுகோல்?

பிரிட்டிஷ் அளவுகோலான 510இல், ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்று அதிகமான பகுதி வெப்பத்துக்கானது. சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கட்டடத்தைச் சூடாக்க வேண்டிய தேவையே இல்லை. அங்கு முக்கியச் செலவு குளிரூட்டலும், காற்றிலிருந்து ஈரப்பதத்தை நீக்குவதும்தான். ஆகவே ஐரோப்பிய எண்களை அப்படியே எடுத்துச் சென்றால், வெப்ப நாடுகளின் மருத்துவமனைகள் அனைத்தும் சிறந்தவையாகத் தோன்றும்.

சிங்கப்பூர் தனக்கென ஓர் அளவீட்டு முறையை உருவாக்கிக்கொண்டது. 2012இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின் விளைவாக, கட்டட உரிமையாளர்கள் எரிசக்தி விபரங்களை ஆண்டுதோறும் கட்டட, கட்டுமான ஆணையத்திடம் சமர்ப்பிக்கிறார்கள். மருத்துவமனைகளும் இதில் அடங்கும். ஆனால் சிங்கப்பூரின் அரசு மருத்துவமனைகளில், அரசு மானியம் பெறும் கூடங்கள் பல மின்விசிறியையும் இயற்கைக் காற்றையும் நம்பியவை. முழுக் கட்டணம் செலுத்தும் அறைகள் குளிரூட்டப்பட்டவை. 2010இல் யீஷூனில் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனை, கூடங்களுக்குள் காற்று இயல்பாக ஊடுருவும் வகையில் திட்டமிட்டே வடிவமைக்கப்பட்டது. இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிடும் முன், அவற்றில் எத்தனை பங்கு குளிரூட்டப்பட்டது என்று கேட்பது அங்கு அவசியமாகிறது.

மின்வெட்டு உள்ள இடங்களில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இலங்கையில் 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு அமலானது. இத்தகைய நாட்களில் மின்சார மீட்டர் மட்டும் பார்க்கப்பட்டால், பயன்பாடு குறைந்ததாகவே தெரியும். ஜெனரேட்டர்கள் குடித்த டீசல் அந்தக் கணக்கில் வராது. குளிர்சாதனம் இல்லாத மருந்தறையும், விளக்கு எரியாத தாழ்வாரமும் ஏட்டில் சிக்கனமாகவே பதிவாகும்.

ஒரு மருத்துவமனையின் எண் குறைவாக இருப்பது திறமையினாலா, பற்றாக்குறையினாலா என்பதை அந்த எண் தானாகச் சொல்லாது. எவ்வளவு சிகிச்சை அளிக்கப்பட்டது, அறைகளின் வெப்பநிலை என்ன, எத்தனை மணி நேரம் மின்சாரம் இருந்தது என்ற விபரங்களும் அதனுடன் பதிவாக வேண்டும்.

தன்னுடன் தானே

இத்தனை சிக்கல்கள் இருப்பதால் ஒப்பீடு பயனற்றது என்ற முடிவுக்கு வந்துவிட முடியாது. எதற்காக ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து முறையைத் தெரிவு செய்ய வேண்டும். அரசாங்கத்துக்கு எங்கே முதலீடு செய்வது என்று அறிய, நாடு தழுவிய தரவுகளும் பொதுவான அளவுகோலும் தேவை. ஒத்த சிகிச்சைகளை அளிக்கும் மருத்துவமனைகள் தமக்குள் ஒப்பிட்டுக்கொள்ள, அமெரிக்கச் சமன்பாடு போன்றவை உதவும். ஆனால் குறிப்பிட்ட ஒரு மருத்துவமனையின் பொறியாளருக்குப் பெரிதும் உதவுவது, அந்தக் கட்டடத்தை அதனுடனேயே ஒப்பிடுவதுதான். நேற்றைய இரவுடன் இன்றைய இரவை, சென்ற மார்ச் மாதத்துடன் இந்த மார்ச் மாதத்தை.

அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவாகும் மின் மீட்டர்கள் இதற்குப் பயன்படுகின்றன. நள்ளிரவுக்குப் பிறகு மூன்று மணிக்கு ஒரு மருத்துவமனை எவ்வளவு மின்சாரத்தை இழுக்கிறது என்பது மிகவும் பயனுள்ள தகவல். அவசர சிகிச்சைப் பிரிவும் தீவிர சிகிச்சைப் பிரிவும் அந்நேரம் இயங்கத்தான் வேண்டும். ஆனால் வெளிநோயாளர் பிரிவும் அலுவலகங்களும் பூட்டிக் கிடக்கும் அந்த வேளையிலும், பகல் நேரப் பயன்பாட்டில் பெரும்பகுதி தொடர்ந்தால், எதையோ யாரோ அணைக்க மறந்திருக்கிறார்கள் என்று பொருள்.

பெரும்பாலும் அது அறுவை சிகிச்சைக் கூடத்தின் காற்றோட்டமாக இருக்கலாம். திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் மட்டும் நடக்கும் கூடங்கள் இரவிலும் வார இறுதியிலும் காலியாக இருக்கும். அந்நேரங்களில் காற்றோட்டத்தைக் குறைத்து, பயன்பாட்டுக்கு முன் மீண்டும் முழு அளவுக்குக் கொண்டுவருவதை பிரிட்டிஷ் விதிமுறைகள் அனுமதிக்கின்றன. விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், அதற்குத் தேவையான மின்திறன் கோட்பாட்டளவில் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது இயற்பியல் விதி. இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. நேரக் கட்டுப்பாட்டுக் கருவியும், கூடத்தைப் பயன்படுத்தும் மருத்துவர்களின் சம்மதமும் இருந்தால் போதும். அந்தச் சம்மதத்தைப் பெற, தொற்றுத் தடுப்புக் குழுவிடம் காட்டுவதற்குத் துல்லியமான அளவீடு அவசியம்.

வரவேற்பு மேசைக்கு அருகே தொங்கும் சான்றிதழில், முந்தைய இரண்டு ஆண்டுகளின் எண்களும் சிறிய பட்டைகளாக அச்சிடப்பட்டிருக்கும். கடந்து செல்பவர்களின் கண்ணில் படுவது பெரிய எழுத்தில் உள்ள தரம்தான். ஆயினும் அந்த மருத்துவமனை எத்திசையில் செல்கிறது என்பதை அந்தச் சிறிய பட்டைகளே கூறும். அவை ஏன் ஏறின, ஏன் இறங்கின என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடிய மருத்துவமனை, தனது மீட்டர்களைக் கவனித்து வருகிறது என்று நம்பலாம்.